தரையிலிருந்து எழும் பிள்ளை

நம்முடைய வீடுகளில் ஒரு நோய்க்கு நோயென்ற மரியாதை கிடைக்க வேண்டுமானால், அது முதலில் வலிக்க வேண்டும். அல்லது தேகம் அனலாய்க் கொதிக்க வேண்டும். அதுவுமில்லையென்றால் இரண்டு வேளையாவது சோறு இறங்காமல் இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும் நான்கு வயதுப் பிள்ளை அடிக்கடி தடுக்கி விழுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக அவனை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போகும் தாயை, மாமியாரும் அக்கம்பக்கத்தாரும் விநோதமாகப் பார்ப்பார்கள் என்பது ஒருபுறமிருக்க, சில சமயங்களில் அந்த வைத்தியரே, "ஆண் பிள்ளை அப்படித்தான் அம்மா, விழுந்து எழுந்துதான் வளரும்" என்று தேறுதல் சொல்லி, ஒரு கால்சியம் மருந்தும் ஒரு சத்து டானிக்கும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் விஷயத்தில் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். அப்படிச் சரியாக இராத ஒரு சிலரைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

தசைச் சிதைவு நோய் என்று நம் அரசாங்கக் காகிதங்களில் குறிக்கப்படும் வியாதிக் கூட்டத்தில் பல வகைகள் உண்டு. அவற்றுள் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்படுவதும், மிகக் கொடியதும் டூஷேன் என்னும் வகை. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் உலகம் முழுவதும், ஜாதி மத பேதமின்றி, செல்வர் வறியர் என்ற வித்தியாசமின்றி, இது பிறக்கிறது. கருவிலேயே உடன் வந்துவிடும் நோயாயினும், முதல் இரண்டு மூன்று வருஷங்கள் பிறர் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கியிருந்து, பிறகு இடுப்பையும் தொடையையும் பற்றி, மெல்லத் தோளுக்கு ஏறி, சிகிச்சையின்றி விடப்பட்டால் 12 வயதை ஒட்டி நடையைப் பறித்துச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தி, இறுதியில் சுவாசத் தசைகளையும் இருதயத்தையும் அது தொடுகிறது. முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. இவ்வளவையும் கேட்ட மாத்திரத்தில், "குணமாக்க முடியாத வியாதியைச் சீக்கிரம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது? தெரியாத நாலு வருஷமாவது பெற்றவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சொல்லத் தோன்றும். படித்தவர்களும் சொல்கிறார்கள், வைத்தியம் அறிந்தவர்கள் சிலரும் சொல்கிறார்கள். இரக்கத்திலிருந்து பிறக்கும் பேச்சுத்தான். ஆயினும் இந்த நோயைப் பொறுத்தவரை அது பெரிய தீங்கைச் செய்கிற பேச்சு என்பது என் அபிப்பிராயம். காரணங்களைச் சொல்வதற்கு முன்னால், நோய் தன்னை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கிராமத்துக் கல்யாணத்தில், பந்தி முடிந்து எல்லாரும் இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டிருந்த சமயத்தில், எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் எழுந்த விதத்தைக் கவனித்தேன். மற்றப் பிள்ளைகள் துள்ளி எழுந்து கை கழுவ ஓடியபோது, இவன் முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, இரண்டு கைகளையும் ஜமுக்காளத்தில் ஊன்றி மண்டியிட்டான். பிறகு கைகளை எடுக்காமலே இடுப்பை உயரத் தூக்கிக் கால்களை அகல விரித்தான். அதன்பின் ஒரு கையை எடுத்து முழங்காலின் மேல் வைத்து, மறு கையை மறு முழங்காலின் மேல் வைத்து, தொடைகளின் மீதே கைகளை ஒன்று மாற்றி ஒன்றாக மேலே நகர்த்தி, தன் உடம்பைப் பிடித்துத் தானே ஏறி, கடைசியில் வயிற்றை முன்னே தள்ளியபடி நிமிர்ந்து நின்றான். எல்லாம் நாலைந்து விநாடிகளில் முடிந்துவிட்டது. பக்கத்து இலைப் பெரியவர், "என்னடா பேராண்டி, என்னைவிட நீ கிழவனாக இருக்கிறாயே!" என்று சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அவனுடைய தாய், "இவன் கைக்குழந்தையிலிருந்தே கொஞ்சம் மெத்தனம் மாமா, ஒன்றரை வயதுக்கு மேல்தான் நடக்கவே ஆரம்பித்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டே அவன் சட்டையில் சிந்தியிருந்த பாயசத்தைத் துடைத்தாள். மருத்துவப் புத்தகங்கள் ஒரு பக்கத்தில் எழுதுவதை அவள் அந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

லண்டன் நகரத்து நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் என்பவர் 1879-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது விரிவுரையில் வர்ணித்திருப்பது பிசகில்லாமல் இதே காட்சியைத்தான். இன்றும் அது கவர்ஸ் அடையாளம் என்றே வழங்கி வருகிறது. அவருக்கு முன்பே, 1851-இல், அதே நகரத்தில் எட்வர்டு மெரியான் என்பவர், ஒரே குடும்பத்தின் ஆண் மக்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்கிய இந்த நோயைப் பற்றி மருத்துவர் சபையொன்றில் எடுத்துரைத்தார். இறந்த பிள்ளையின் உடலைச் சோதித்து, முதுகுத் தண்டும் நரம்புகளும் பழுதில்லாமல் இருக்கின்றன, பழுதெல்லாம் தசை இழைகளிலேதான் என்பதையும் கண்டு சொன்னார். நோய்க்குப் பெயரைக் கொடுத்தவரோ பிரெஞ்சுக்காரரான டூஷேன். எந்த ஆஸ்பத்திரியிலும் நிலையான பதவி இல்லாமல், பாரிஸ் நகரத்தின் ஆஸ்பத்திரிகளுக்குத் தம் மின்சாரக் கருவியைச் சுமந்துகொண்டு போய்ப் போய் நோயாளிகளைப் பார்த்தவர் அவர். உயிரோடிருக்கும் நோயாளியின் தசையிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பதற்கென்றே ஓர் ஊசியையும் செய்துகொண்டார். 13 சிறுவர்களைப் பற்றி 1868-இல் அவர் எழுதிய விவரங்களை இன்று படிக்கும் மருத்துவர்கள், அதில் சேர்க்க வேண்டியது கொஞ்சமே என்று வியக்கிறார்கள். மெரியானின் பெயர் மறைந்து டூஷேனின் பெயர் நிலைத்தது சரித்திரத்தின் ஒரு சிறு அநீதி, அது போகட்டும்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. நாற்காலியிலும் கட்டிலிலும் ஜீவிதத்தை நடத்தும் தேசத்தில், அந்த அடையாளம் வெளிப்பட வேண்டுமானால் யாராவது ஒருவர் பிள்ளையைத் தரையில் உட்காரச் சொல்லி, எழச் சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்கோ அந்தச் சிரமம் கிடையாது. பாயில் படுத்து, தரையில் அமர்ந்து சாப்பிட்டு, அங்கன்வாடியில் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் பாடி, கழிப்பிடத்தில் குந்தி எழும் நம் பிள்ளைகள், அந்தப் பரீட்சையை நாளெல்லாம் நம் கண்ணெதிரிலேயே நடத்திக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நோயைக் கண்டுபிடிப்பதில் உலகத்துக்கே முன்னால் நிற்க வேண்டியவர்கள் நாம். அப்படி நிற்கவில்லையென்றால், அதற்குக் காரணம் கருவிகளின் பஞ்சமல்ல. கண்ணில் விழுவதை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகையால் சொல்லித் தருவோம். இந்நோயுள்ள பிள்ளை பெரும்பாலும் தாமதித்து நடக்கிறான். 18 மாதம் ஆகியும் நடக்கவில்லையென்றால் வைத்தியரிடம் காட்டுவது எந்தப் பிள்ளைக்கும் நல்லது. நடக்க ஆரம்பித்த பிறகும் அவன் ஓட்டம் ஓட்டமாக இராது. வேகமாக நடப்பதாகவே தோன்றும். இரண்டு கால்களையும் ஒருசேரத் தூக்கிக் குதிக்கத் தெரியாது; மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் வைத்து, கைப்பிடியைப் பற்றி ஏறுவான். இடுப்பை இரு பக்கமும் ஆட்டி, முதுகை உள்வாங்கி, நாளடைவில் நுனிக்காலிலேயே நடப்பான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால், தோள் பிடிமானமில்லாமல் நழுவும். சிலருக்குப் பேச்சும் தாமதிக்கும். அதைப் பார்த்துவிட்டுக் காலை மறந்து நாக்கை மட்டும் கவனிக்கிறவர்கள் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஏமாற்றுவதில் கைதேர்ந்த லட்சணம் ஒன்றிருக்கிறது: பிள்ளையின் கெண்டைக்கால் பெருத்துத் திரண்டிருக்கும். தொட்டால் கட்டியாக இருக்கும் அந்த ஆடுசதையைப் பார்த்துப் பாட்டி பூரித்துப் போகிறாள், "காலைப் பார், பயில்வான் கால்!" என்று திருஷ்டி கழிக்கிறாள். தேய்ந்த தசையின் இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து நிரம்பியதால் ஏற்பட்ட பருமன் அது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. விழுகிற பிள்ளைக்குக் கால் மெலிந்திருந்தால் கவலைப்பட்டிருப்பார்கள். கால் பருத்திருப்பதால் கவலைப்படாமலே ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழிந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கையை ஊன்றி எழுகிற பிள்ளைகளெல்லாம் இந்த நோயுள்ளவர்கள் அல்லர். நடை பழகும் பருவத்துக் குழந்தை அப்படித்தான் எழும். எலும்பு வளைந்த பிள்ளையும், இடுப்பு மூட்டில் கோளாறுள்ள பிள்ளையும், வேறு வகைத் தசை நோய் உள்ள பிள்ளையும் அப்படி எழக்கூடும். மூன்று வயதுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் மாறாமலிருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பதே இதன் தாத்பரியம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் வழியோ மிகச் சுலபமானது. தசை இழைகளைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு, ஒவ்வொரு அசைவின் இழுப்பையும் தாங்குவதற்கு டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் துணை நிற்கிறது. 1986, 1987-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் லூயி குன்கெலும் அவருடைய சகாக்களும் அதற்குரிய மரபணுவையும் பின்பு அந்தப் புரதத்தையும் கண்டுபிடித்தார்கள். மனித மரபணுக்களிலேயே மிக நீளமானது அது. 79 துண்டுகளாகப் பிரிந்து கிடப்பது. நீளம் அதிகமாக இருப்பதனாலேயே அதில் பிழை நேர்வதற்கும் இடம் அதிகம். அந்தப் புரதம் இல்லாத பிள்ளையின் தசைச் சவ்வு நடக்க நடக்கக் கிழிந்து, உள்ளேயிருக்கும் சி.கே. அல்லது சி.பி.கே. என்னும் நொதிப் பொருள் ரத்தத்தில் கசிகிறது. சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டிய அதன் அளவு, இந்தப் பிள்ளைகளிடம் 10,000-ஐயும் தாண்டி நிற்பது சகஜம். பிறந்த குழந்தையிடமே அது உயர்ந்திருக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அன்றைக்கே செய்து சொல்லக்கூடிய, சொற்பச் செலவுள்ள பரிசோதனை இது.

அதைச் செய்யாமல் நாம் செய்வதென்ன? வேறு ஏதோ காய்ச்சலுக்காகவோ வயிற்று நோவுக்காகவோ எடுத்த ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டும் உயர்ந்திருப்பதைக் கண்டு, ஈரலில் கோளாறு என்று தீர்மானித்துவிடுகிறோம். அந்த இரண்டு பொருள்களும் ஈரலில் இருப்பதுபோலவே தசையிலும் இருக்கின்றன. தசை உடைந்தாலும் ரத்தத்தில் உயரும். இந்த உண்மை பாடப் புத்தகத்தில் இருந்தும், பிள்ளைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும், எண்ணெயையும் முட்டையையும் நிறுத்துவதும், வயிற்றை ஸ்கேன் எடுப்பதுமாக ஆறு மாதம் ஓடிவிடுகிறது. ஈரலிலிருந்தே துணுக்கு எடுத்துப் பார்க்கும் நிலைக்குச் சென்று, அதன் பிறகு தசையின் பக்கம் திரும்பிய உதாரணங்கள் மருத்துவச் சஞ்சிகைகளில் பதிவாகியிருக்கின்றன. ஈரலைப் பற்றிய சந்தேகம் வரும்போதெல்லாம், பிள்ளையை ஒரு முறை தரையில் உட்கார்த்தி எழச் சொல்லிவிட்டு மேலே யோசித்தால், எவ்வளவோ பணமும் அலைச்சலும் மிச்சமாகும். அதே காலத்தில் மற்றொரு பக்கம் எண்ணெய் தேய்த்து உருவுகிறவரிடமும், தாயத்துக் கட்டுகிறவரிடமும், குலதெய்வத்தின் சந்நிதியிலும் குடும்பம் நடையாய் நடந்துகொண்டிருக்கும். சந்நிதிக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே போவதால் பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தசையை அழுத்திப் பிடித்து முரட்டுத்தனமாக உருவுவதைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருவோம்: தெரிந்து என்ன பிரயோஜனம்?

முதலாவது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையல்ல. பிரட்னிசோலோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகளை, நடக்கும் சக்தி குன்றத் தொடங்குமுன் ஆரம்பித்து, வைத்தியருடைய மேற்பார்வையில் விடாமல் கொடுத்துவந்தால், பிள்ளை தன் காலால் நடக்கும் காலம் சில வருஷங்கள் நீள்கிறது. முதுகு வளைவதும் மூச்சுத் திணறலும் தள்ளிப்போகின்றன. உடல் பருப்பது, எலும்பு பலமிழப்பது போன்ற கெடுதல்கள் அந்த மருந்துக்கு உண்டு. திடீரென்று நிறுத்துவதும் அபாயம். இருந்தாலும் தராசில் நன்மையின் தட்டே தாழ்ந்து நிற்கிறது. மருந்து மலிவானது. இருதயத்தைக் காக்கும் மாத்திரைகளை, இருதயம் வெளிப்படையாகத் தளர்வதற்கு முன்பே, 10 வயதை ஒட்டித் தொடங்குவது இன்றைய வழக்கம். கணுக்கால் இறுகிவிடாமல் தினந்தோறும் இழுத்துவிடும் பயிற்சியைத் தாயே வீட்டில் செய்யக் கற்றுக்கொள்ளலாம். இவையெல்லாம் சேர்ந்து, பதின்பருவத்தின் கடைசியில் முடிந்துபோய்க்கொண்டிருந்த ஆயுளை, நல்ல பராமரிப்புக் கிடைக்கும் இடங்களில் முப்பதுகளுக்குள் கொண்டு சேர்த்திருக்கின்றன. நோய் தெரியாமல் போவதில் மற்றோர் அபாயமும் ஒளிந்திருக்கிறது. குடலிறக்கத்துக்கோ தொண்டைச் சதைக்கோ செய்யும் சாதாரண அறுவைச் சிகிச்சையின்போது, மயக்க மருந்து நிபுணர் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினில்கோலின் என்ற மருந்து இப்பிள்ளைகளின் இருதயத்தைச் சட்டென்று நிறுத்திவிடக்கூடும். தசை நோய் உண்டென்று முன்னரே தெரிந்திருந்தால் அந்த மருந்தை அவர் கையாலும் தொடமாட்டார்.

மரபணுவையே திருத்தும் சிகிச்சையைப் பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளைப் படித்துப் பெற்றோர் பரபரப்படைவது இயல்பு. 2023-இல் அமெரிக்க அரசாங்கம் அப்படிப்பட்ட மருந்தொன்றுக்கு அனுமதி கொடுத்தது. ஒரு பிள்ளைக்கு 32 லட்சம் டாலர் என்பது அதன் விலை. எதிர்பார்த்த அளவுக்குப் பலன் கிடைத்ததா என்பதில் மருத்துவர்களிடையே அபிப்பிராய பேதம் இருக்கிறது. 2025-இல், நடக்கும் சக்தியை இழந்துவிட்ட சில நோயாளிகள் அந்த மருந்துக்குப் பின் ஈரல் செயலிழந்து உயிர் நீத்ததால், அவர்களைப் போன்றோருக்குக் கொடுப்பதும் நிறுத்தப்பட்டது. அந்த விலையைத் திரட்ட வீட்டை விற்கிறேன் என்று கிளம்பும் தகப்பனாரிடம், முதலில் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையைப் பற்றியும் இருதயப் பரிசோதனையைப் பற்றியும் யாராவது பொறுமையாகப் பேச வேண்டும்.

இரண்டாவது காரணத்தையே நான் பெரிதென மதிக்கிறேன். இந்த நோயின் மரபணு, எக்ஸ் என்ற பால் குரோமோசோமில் அமர்ந்திருக்கிறது. இரண்டு எக்ஸ் உடைய தாய், ஒன்றில் பிழையிருந்தாலும் மற்றொன்றின் பலத்தால் பெரும்பாலும் சௌக்கியமாகவே இருப்பாள். அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் நோய் வருவதற்குப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம். ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் அவளைப் போலவே அதைச் சுமப்பதற்குப் பாதிக்குப் பாதி சந்தர்ப்பம். மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம் தாயிடம் இல்லாமல் புதிதாகவே அந்தப் பிழை தோன்றிவிடுவதுமுண்டு. அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில், பெற்றோர் முதன்முதலில் சந்தேகப்பட்டதற்கும் நோய் இன்னதென்று தெரிந்ததற்கும் இடையில் ஏறக்குறைய இரண்டரை வருஷம் கழிந்திருந்தது. பிள்ளைக்கு அப்போது வயது ஐந்தை நெருங்கியிருந்தது. ஐந்து வயதுப் பிள்ளை உள்ள நம் வீடுகளில் அதற்குள் தம்பி பிறந்திருப்பான். மூத்தவன் விழுவதன் காரணத்தை வைத்தியர் சொல்லும் நாளன்று, தாயின் மடியில் இளையவன் இருக்கிறான். அவனுடைய ரத்தத்தையும் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லும்போது அந்த அறையில் நிலவும் மௌனத்தை, இத்துறையில் உழைக்கும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். தாயின் தங்கை அதே சமயத்தில் ஐந்தாம் மாதம் முழுகாமல் இருப்பாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். "அவள் பயந்துவிடுவாள், வளைகாப்பு முடியட்டும்" என்பார்கள். ஒரு குடும்பத்தில் முதல் பிள்ளையின் நோய் மூன்று வயதில் தெரிவதற்கும் ஏழு வயதில் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம், இன்னும் பிறவாத இரண்டு மூன்று பிள்ளைகளின் வாழ்க்கையாக இருக்கக்கூடும்.

முதல் பிள்ளையின் மரபணுவில் பிழை எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், தாய்க்கும், தாயின் சகோதரிகளுக்கும், வயது வந்தபின் அவர்கள் பெண்களுக்கும் அதே இடத்தைச் சோதித்துத் திட்டமாகச் சொல்லிவிடலாம். அது தெரியாமல் சி.கே. அளவை மட்டும் பார்த்துத் தாயை விடுவிப்பது சரியல்ல. சுமக்கிறவர்களில் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். கருவுற்ற 11, 12-ஆவது வாரத்திலேயே நஞ்சுத் திசுவை எடுத்துப் பார்க்கும் வசதியும் உண்டு. கருவின் பாலை அறிவதைத் தடை செய்கிற 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, பாலோடு தொடர்புடைய மரபு நோய்களைக் கண்டறிவதற்கு, அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் இடம் கொடுத்திருக்கிறது. அறிந்தபின் என்ன செய்வதென்பது அந்தத் தம்பதிகளின் மனத்தைப் பொறுத்த விஷயம். அதில் புத்தி சொல்ல எனக்கோ வேறு யாருக்கோ பாத்தியதை இல்லை. யோசித்து முடிவு செய்யும் சந்தர்ப்பமே அவர்களுக்குக் கிடைக்காமல் செய்வதுதான் பாவம்.

தாயிடமிருந்து வருகிறது என்ற சொல்லை வீட்டில் சொல்லும்போது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். அதைக் கேட்டவுடனே மருமகளைப் பிறந்தகத்துக்கு அனுப்பவும், மகனுக்கு வேறு பெண் பார்க்கவும் துணிகிறவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் தாயிடமிருந்தோ, அல்லது எவரிடமிருந்தும் வராமல் தற்செயலாகவோ, நேர்ந்த பிழை அது. சுமக்கும் பெண்களில் சிலருக்கு வயதானபின் இருதயம் தளரக்கூடும் என்பதால், குற்றம் சாட்டுவதற்குப் பதிலாக அவளையும் இருதய நிபுணரிடம் அழைத்துப்போவதே புருஷன் வீட்டாரின் கடமை. "சொந்தத்துக்குள் கட்டினோம், அதனால்தான் இப்படி" என்ற பேச்சும் எழும். டூஷேன் வகையைப் பொறுத்தவரை அதில் உண்மையில்லை; அயலில் பெண் எடுத்தவர் வீட்டிலும் இது வரக்கூடும். தாயும் தகப்பனும் இருவருமே சுமந்தால்தான் வரக்கூடிய, ஆண் பெண் இருபாலாரையும் பாதிக்கக்கூடிய வேறு தசை நோய்கள் இருக்கின்றன. தோளையும் இடுப்பையும் பற்றும் அவ்வகை நோய்களில், மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் நம் வழக்கம் அபாயத்தைக் கூட்டுகிறது என்பது மெய். ஆகவே, பெண் பிள்ளை அடிக்கடி விழுந்தால் அது தசை நோயாக இராது என்றும் நினைத்துவிடக் கூடாது. சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவர், தாங்களே தசைச் சிதைவுக்கு ஆளாகியிருந்தும், தங்களைப் போன்றவர்களுக்காக ஆதவ் அறக்கட்டளையை நிறுவி நடத்தினார்கள். மூத்தவரான வானவன் மாதேவி 2017-இல் காலமானார். அனுதாபத்தை அவர்கள் விரும்பியதில்லை. படிக்கட்டு இல்லாத பள்ளிக்கூடத்தையும், நேரத்துக்குக் கிடைக்கும் பயிற்சியையுமே கேட்டார்கள்.

பள்ளிக்கூடம் என்றதும் உபாத்தியாயர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரார்த்தனைக்கு எழுந்திருப்பதில் கடைசி, மைதானத்துக்குப் போவதில் கடைசி, மாடி வகுப்புக்கு வருவதில் கடைசி. இத்தனைக்கும் காலைப் பார்த்தால் பருத்திருக்கிறது. அப்படிப்பட்ட பையனைச் சோம்பேறி என்று நினைக்காமலிருக்க மிகுந்த தெளிவு வேண்டும். உடற்பயிற்சி ஆசிரியர் அவனைத் தோப்புக்கரணம் போடச் சொல்கிறார். அவன் இரண்டு போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறான். நடிக்கிறான் என்று மேலும் பத்து விதிக்கப்படுகிறது. சிதைந்துவரும் தசைக்கு அந்தத் தண்டனை நேரடியாகவே கெடுதல் செய்கிறது. மூளையிலும் டிஸ்ட்ரோஃபின் புரதத்துக்கு வேலை இருப்பதால், இப்பிள்ளைகளில் சிலருக்குப் படிப்பும் சற்று மெதுவாகவே ஏறும். அதற்கும் அடி விழுகிறது. ஆனால் ஒன்று: பெற்றோரைவிட ஆசிரியருக்கே இதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அதிகம். தாய்க்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளையோதான். ஆசிரியைக்கு ஒரே வயதில் முப்பது பிள்ளைகள். முப்பது பேர் ஒருசேர எழும்போது பின்தங்கி எழுகிறவனை அவர் கண் தினமும் பார்க்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தான் அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளுள் தசைச் சிதைவு நோயையும் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசும் இந்நோயுற்றவர்களுக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை அளித்துவருகிறது. நல்ல காரியங்களே. ஆனால் இவையெல்லாம் நோய் இன்னதென்று தெரிந்து, சான்றிதழ் பெற்று, வரிசையில் நின்ற பிறகு கிடைப்பவை. அதற்கு முந்திய காலத்துக்கென்று ஒரு வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரமம் என்ற திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு வருஷத்தில் இரு தடவையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு தடவையும் போய்ப் பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். குழு வருகிற நாளில் பிள்ளைகளின் எடையைப் பார்க்கிறார்கள், பல்லைப் பார்க்கிறார்கள், கண்ணையும் காதையும் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் முறை வரும்வரை தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து வருகிறார்கள். அப்படி எழுகிற அந்த நொடியில், படிவத்திலிருந்து தலையை நிமிர்த்திப் பார்க்கும்படி குழுவினருக்கு உத்தரவிட்டால் போதும். படிவத்தில், 'மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளை கையைத் தொடையில் ஊன்றாமல் எழுகிறதா?' என்ற ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும். இல்லை என்று பதில் எழுதப்படும் பிள்ளைக்கு, டானிக்குக்கோ ஈரல் பரிசோதனைக்கோ சீட்டு எழுதுவதற்கு முன்னால், தாலுகா ஆஸ்பத்திரியில் சி.கே. பரிசோதனைக்கான சீட்டை அந்தக் குழுவே எழுதித் தாயின் கையில் கொடுக்க வேண்டும். வீட்டில் தம்பி இருந்தால் அவனையும் கூட அழைத்துவரச் சொல்ல வேண்டும்.